நவ்ரூஸும் பாரசீக நாட்காட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரானிய, ஆப்கானிய நண்பர்களோ சக ஊழியர்களோ இருப்பவர்கள் மார்ச் மாதம் வந்தால் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. நவ்ரூஸ்னா என்ன? அது முஸ்லிம் பண்டிகையா?

பாரசீகத்தில் 'நவ்' என்றால் புதிய, 'ரூஸ்' என்றால் நாள். வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நேரத்தில் பிறக்கும் புத்தாண்டு இது. ஈரான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய மூன்றும் பாரசீகம் பேசும் நாடுகள். உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து, புகாரா நகரங்களில் வாழும் தஜிக்குகளும் பாரசீகம் பேசுபவர்களே. பாரசீகம் பேசாத குர்துகளும் அஜர்பைஜானியரும் கசாக்குகளும்கூட நவ்ரூஸ் கொண்டாடுகிறார்கள்.

இஸ்லாத்துக்கு முந்தைய பண்டிகை இது. கொண்டாடுவோரில் பெரும்பாலோர் இன்று முஸ்லிம்கள்தான், ஆனால் ஈரானிய யூதர்களும் ஜொராஸ்ட்ரியர்களும் கொண்டாடுகிறார்கள். பஹாய்களுக்கு இது 19 நாள் நோன்பு முடியும் புனித நாள். யுனெஸ்கோ 2009இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2010இல் ஐ.நா. பொதுச்சபை மார்ச் 21ஐ உலக நவ்ரூஸ் நாளாக ஏற்றது.

2. ஒரு வருஷம் மார்ச் 20ங்கறாங்க, இன்னொரு வருஷம் 21ங்கறாங்க. எதுதான் சரி?

இரண்டும் சரி. நவ்ரூஸ் அடிப்படையில் ஒரு நாள் அல்ல, ஒரு கணம். சூரியன் வானநடுக்கோட்டைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கும் அந்தக் கணத்துக்கு ஈரானில் 'தஹ்வீல்-ஏ சால்' என்று பெயர், ஆண்டு கைமாறும் நேரம் என்று பொருள். அந்தக் கணம் ஈரான் நேரப்படி நண்பகல் 12 மணிக்கு முன்னால் வந்தால் அன்றே ஆண்டின் முதல் நாள். நண்பகலைத் தாண்டி வந்தால் மறுநாள்தான் முதல் நாள்.

2024இல் அது மார்ச் 20 காலை 6.36க்கு வந்தது, ஆகவே பாரசீகக் கணக்கில் 1403ஆம் ஆண்டு மார்ச் 20 அன்றே பிறந்தது. 2025இல் மார்ச் 20 பகல் 12.31க்கு வந்தது. அரை மணி நேரம்தான் தாண்டியது, இருந்தாலும் 1404இன் முதல் நாள் மார்ச் 21க்குத் தள்ளிப்போனது. தஜிகிஸ்தானில் இந்தக் கணக்கே கிடையாது. அங்கே அரசு நாட்காட்டி கிரிகோரியன்தான், நவ்ரூஸ் விடுமுறையும் மார்ச் 21 முதல் என்று நிலையாக இருக்கிறது.

3. அப்போ ராத்திரி 12 மணிக்கு விழிச்சிருந்து வாழ்த்துச் சொல்லணுமா?

வேண்டாம். தஹ்வீல் விடியற்காலை மூன்று மணிக்கும் வரலாம், மாலை ஆறு மணிக்கும் வரலாம். உலகம் முழுக்க அது ஒரே கணம் என்பதால் தெஹ்ரானில் இருப்பவரும் டொரண்டோவில் இருப்பவரும் ஒரே நேரத்தில் நவ்ரூஸ் படையலைச் (கேள்வி 10) சுற்றி உட்காருகிறார்கள். ஈரானின் கடிகாரம் இந்தியாவைவிடச் சரியாக 2 மணி நேரம் பின்னால் இருக்கிறது. 2022க்குப் பிறகு அங்கே கோடையில் கடிகாரத்தை முன்தள்ளுவதும் இல்லை. ஈரான் நேரத்தோடு 2 மணி கூட்டினால் இந்திய, இலங்கை நேரம் வந்துவிடும். 2025இல் அது நமக்குப் பகல் 2.31.

வாழ்த்தை அந்தக் கணத்துக்கு முன்னால் சொன்னால் தப்பில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் கட்டிப்பிடித்து முத்தமிடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

4. நம்ம சித்திரை 1ம் சூரியனை வச்சுத்தானே கணக்கு? ஏன் 24 நாள் தள்ளி வருது?

இரண்டுமே சூரியக் கணக்குதான், அளவுகோல்தான் வேறு. பாரசீக ஆண்டு சம இரவுப் புள்ளியிலிருந்து தொடங்குகிறது. தமிழ் ஆண்டு நட்சத்திர மண்டலத்தைப் பின்புலமாகக் கொண்டு, சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும்போது தொடங்குகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சம இரவுப் புள்ளி நட்சத்திரங்களின் ஊடே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் நகர்கிறது. அந்த விலகல் இப்போது சுமார் 24 பாகை. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்பது இதைத்தான். சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால் 24 பாகை 24 நாளாகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டு தொடக்கமும் ஒரே நாளில் இருந்திருக்கும்.

முதல் நாளைத் தீர்மானிக்கும் விதியிலும் உறவு தெரிகிறது. சங்கராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் வழக்கு. அங்கே அஸ்தமனத்துக்குப் பதில் நண்பகல், அவ்வளவுதான்.

5. மாசங்கள் என்னென்ன? எத்தனை நாள்?

ஃபர்வர்தீன், ஒர்திபெஹெஷ்த், ஹோர்தாத், தீர், மோர்தாத், ஷஹ்ரீவர், மெஹ்ர், ஆபான், ஆஸர், தெய், பஹ்மன், எஸ்ஃபந்த். முதல் ஆறுக்குத் தலா 31 நாள், அடுத்த ஐந்துக்குத் தலா 30, கடைசி எஸ்ஃபந்துக்கு 29, லீப் ஆண்டில் 30. இந்த அளவுகளை ஈரான் நாடாளுமன்றம் 1925இல் சட்டமாக்கியது.

முதல் பாதியில் நாட்களை வாரி வழங்கியதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி, மெதுவாகச் செல்கிறது. அதனால் மார்ச் சம இரவிலிருந்து செப்டம்பர் சம இரவு வரை சுமார் 186 நாள், 31ஐ ஆறால் பெருக்கினால் வருவதும் அதுவே. சில ஆண்டுகளில் நம் ஆனிக்கு 32 நாள் வருவதும் மார்கழி 29இல் முடிவதும் இதே காரணத்தால்தான்.

6. ஆப்கானிஸ்தான் நண்பர் 'ஹமல்', 'சவ்ர்'னு சொல்றாரே, அது வேற நாட்காட்டியா?

அதே நாட்காட்டிதான், பெயர்கள் மட்டும் ராசிகளின் அரபுப் பெயர்கள். தமிழருக்கு இவை ஈரானியப் பெயர்களைவிட எளிதில் மனத்தில் நிற்கும். ஹமல் ஆட்டுக்கடா, அதாவது மேஷம். சவ்ர் காளை, ரிஷபம். சரதான் நண்டு, கடகம். மீஸான் தராசு, துலாம். கவ்ஸ் வில், தனுசு. ஹூத் மீன், மீனம். சுன்புலாவுக்குக் கதிர் என்று பொருள், அது கன்னி ராசி. தல்வ் தண்ணீர் இறைக்கும் வாளி, நமக்குக் கும்பம்.

முன்பு ஆப்கான் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை மாறிக்கொண்டிருந்தன. 1957இல் ஈரானிய அளவுகளுக்கு மாறினார்கள். 2022 முதல் தாலிபான் நிர்வாகம் அரசு ஆவணங்களில் நிலவை வைத்துக் கணக்கிடும் இஸ்லாமிய நாட்காட்டியான சந்திர ஹிஜ்ரியைப் பயன்படுத்துகிறது, நவ்ரூஸுக்கு அரசு விடுமுறையும் இல்லை. வீடுகளில் கொண்டாட்டம் நிற்கவில்லை.

7. ஈரானியச் சான்றிதழ்ல பிறந்த தேதி 15 தெய் 1370னு இருக்கு. ஆங்கிலத் தேதியா மாத்துறது எப்படி?

நவ்ரூஸ் முதல் டிசம்பர் 31 வரையிலான நாட்களுக்கு ஆண்டோடு 621 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் அடுத்த நவ்ரூஸ் வரை 622. தவறு நடப்பது எப்போதும் தெய் மாதத்தில்தான், ஏனென்றால் ஜனவரி 1 அதன் நடுவில் விழுகிறது. நவ்ரூஸ் மார்ச் 21இல் வந்த ஆண்டில் 1 தெய் என்பது டிசம்பர் 22. ஆகவே 15 தெய் 1370 என்பது 1992 ஜனவரி 5. 621ஐக் கூட்டி 1991 என்று எழுதினால் ஒரு வயது கூடிவிடும்.

மற்ற மாதத் தொடக்கங்கள், நவ்ரூஸ் மார்ச் 21 என்று வைத்துக்கொண்டால்: ஒர்திபெஹெஷ்த் ஏப்ரல் 21, ஹோர்தாத் மே 22, தீர் ஜூன் 22, மோர்தாத் ஜூலை 23, ஷஹ்ரீவர் ஆகஸ்ட் 23, மெஹ்ர் செப்டம்பர் 23, ஆபான் அக்டோபர் 23, ஆஸர் நவம்பர் 22, பஹ்மன் ஜனவரி 21, எஸ்ஃபந்த் பிப்ரவரி 20. நவ்ரூஸ் மார்ச் 20இல் வந்திருந்தால் அந்த ஆண்டில் பிப்ரவரி இறுதி வரை எல்லாவற்றிலும் ஒரு நாள் குறையும். சரிபார்க்க ஒரு தேதி: ஈரானியப் புரட்சி வென்ற 22 பஹ்மன் 1357 என்பது 1979 பிப்ரவரி 11.

கையில் கடவுச்சீட்டு இருந்தால் அதில் கிரிகோரியன் தேதியே இருக்கும், அதைத்தான் எல்லாப் படிவங்களிலும் எழுத வேண்டும். பழைய ஆப்கான் அடையாளத் தாள்களில் 'இந்த ஆண்டில் இத்தனை வயது' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அதிலிருந்து நாளும் மாதமும் கிடைக்காது, பலருடைய பிறந்தநாள் ஜனவரி 1 ஆனது அப்படித்தான்.

8. ஒருத்தர் சான்றிதழ்ல 2536னு போட்டிருக்கே! அச்சுப்பிழையா?

இல்லை. 1976 மார்ச்சில் ஷா மன்னர், ஆண்டுக் கணக்கை நபிகளின் ஹிஜ்ரத்துக்கு (மக்காவிலிருந்து மதீனாவுக்கு இடம்பெயர்ந்ததற்கு) பதில் சைரஸ் மன்னர் பட்டமேறியதிலிருந்து தொடங்குமாறு மாற்றினார். 1355 ஒரே இரவில் 2535 ஆனது. எதிர்ப்பு வலுத்ததும் 1978இல் கைவிட்டார்கள். இந்த இடைவெளியில் அச்சான நாணயங்கள், பிறப்புச் சான்றுகள், நூல்கள் எல்லாவற்றிலும் 2535 முதல் 2537 வரை காணலாம். 1180ஐக் கழித்துவிட்டுக் கேள்வி 7இல் உள்ள முறையைப் பின்பற்றுங்கள். 2536 என்பது 1356, அதாவது 1977 மார்ச் முதல் 1978 மார்ச் வரை.

9. லீப் வருஷம் நாலுக்கு ஒண்ணுதானே?

பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் சில நேரம் ஐந்துக்கு ஒன்று. 1399, 1403 லீப் ஆண்டுகள். அடுத்தது 1407 அல்ல, 1408. கேள்வி 2இல் சொன்ன நண்பகல் விதியே லீப் ஆண்டைத் தானாகத் தீர்மானிக்கிறது, தனி விதி தேவையில்லை. கையால் கணக்கிட ஒரு குறுக்குவழி: ஆண்டை 33ஆல் வகுத்து மீதி 1, 5, 9, 13, 17, 22, 26, 30 என வந்தால் லீப். நாம் வாழும் காலத்துக்கு இது சரியாக வருகிறது.

இந்தத் துல்லியத்துக்கு மூலம் 1079ஆம் ஆண்டின் ஜலாலி நாட்காட்டி. செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷா இஸ்ஃபஹானில் கூட்டிய வானியலாளர்களில் உமர் கய்யாமும் ஒருவர். நான்கடிப் பாடல்களுக்காக உலகம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதர், தம் காலத்தில் கணிதத்துக்காகவே மதிக்கப்பட்டார்.

10. ஹஃப்த்-சீன் படையல்ல என்ன வைக்கணும்? இங்க கிடைக்கலைன்னா?

'சீன்' என்ற எழுத்தில் தொடங்கும் ஏழு பொருட்கள். வழக்கமானவை: சப்ஸே என்ற முளைப்பயிர், சமனு என்ற கோதுமை இனிப்பு, செஞ்செத் என்ற உலர்ந்த காட்டுப்பழம், சீர் என்ற பூண்டு, சீப் என்ற ஆப்பிள், சொமாக் என்ற புளிப்புப் பொடி, செர்கே என்ற வினிகர். செஞ்செத்தும் சொமாக்கும் நம் ஊர்க் கடைகளில் அரிது. பதிலாக செக்கே எனும் நாணயம், சொன்போல் எனும் பூ, சியாஹ்தானே எனும் கருஞ்சீரகம் வைக்கலாம். கண்ணாடி, மெழுகுவர்த்தி, வண்ணமிட்ட முட்டை, குர்ஆனோ ஹாஃபிஸின் கவிதை நூலோ உடன் இருக்கும், இவை ஏழில் சேராது.

தமிழில் எழுதினால் எல்லாம் 'ச' அல்லது 'ஸ'தான், அதனால் ஒரு பொறி இருக்கிறது. பாரசீகத்தில் ஸகர ஒலிக்கு மூன்று எழுத்துகள். சாபூன் எனும் சோப்பு 'ஸாத்' எழுத்தில் தொடங்குகிறது, ஆகவே அது கணக்கில் வராது. முன்பு இது மதுவை வைத்த 'ஹஃப்த்-ஷீன்' என்றும் பிறகு மாற்றிவிட்டார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டும் 'ஷராப்' என்ற சொல்லே அரபுக் கடன்சொல். பழைய பாரசீக வழக்கத்துக்கு அரபுச் சொல்லைச் சான்று காட்டினால் நம்புவது கடினம்.

11. சப்ஸே வளர்த்தா ஒவ்வொரு முறையும் நாத்தம் எடுக்குது. என்ன தப்பு?

தண்ணீர் தேங்குகிறது. முளைப்பாரி போட்டுப் பழகிய வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் முளைப்பாரிக்கு மண்ணும் எருவும் உண்டு, சப்ஸே வெறும் தட்டில் வளர்கிறது. நீர் வடிய இடமில்லை.

25 செ.மீ. தட்டுக்கு 150 முதல் 200 கிராம் கோதுமை போதும். உடைந்த மணிகளைப் பொறுக்கிவிட்டு ஒரு நாள் ஊறவையுங்கள், இருமுறை நீர் மாற்றுங்கள். பிறகு வடித்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். வெண்முளை எட்டிப்பார்த்ததும் தட்டில் ஒரு மணி உயரத்துக்குப் பரப்புங்கள். குவித்துப் போட்டால் அடியில் உள்ளவை மூச்சு முட்டி அழுகும். மேலே ஈரத்துணி போர்த்தி, பச்சை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். காலை மாலை நீர் தெளித்து, தட்டைச் சாய்த்து மிச்சத்தை வடியுங்கள். நேர்வெயில் வேண்டாம். ஈரானின் குளிரில் கோதுமைக்கு இரண்டு வாரம் பிடிக்கும். நம் மார்ச் வெப்பத்தில் எட்டு, ஒன்பது நாளில் வளர்ந்துவிடும், முன்கூட்டிப் போட்டால் நவ்ரூஸுக்குள் மஞ்சளாகிச் சாயும். பச்சைப்பயறு இன்னும் வேகம்.

12. சமனுவுல சர்க்கரையே போடலைங்கறாங்க. பின்ன எப்படி இனிக்குது?

முளைவிட்ட கோதுமையில் உள்ள நொதி, மாவிலுள்ள மாவுச்சத்தை மால்ட்டோஸ் சர்க்கரையாக உடைக்கிறது. ஒரு கிலோ கோதுமையை முளைக்கட்டி அரைத்துப் பிழிந்த பாலுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ மாவு. ஆப்கானிஸ்தானில் சமனக், தஜிகிஸ்தானில் சுமனக் என்பார்கள். பெண்கள் பாட்டுப் பாடியபடி இரவு முழுக்கப் பெரிய அண்டாவில் முறைவைத்துக் கிண்டுவார்கள்.

கெடுவது மூன்று இடத்தில். முளை பச்சையாகும் வரை விட்டால் கசக்கும், வெள்ளை வேர்கள் பின்னிக்கொண்டதுமே அரைக்க வேண்டும். தொடக்கத்திலேயே தீயை ஏற்றினால் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நொதி செயலிழந்து கஞ்சிதான் மிஞ்சும், முதல் ஒரு மணி நேரமாவது கை பொறுக்காத சூட்டோடு நிறுத்துங்கள். கிண்டுவதை விட்டால் அடிபிடிக்கும். மத்திய ஆசியாவில் அண்டாவுக்குள் கழுவிய கூழாங்கற்களைப் போடுவது அதற்காகவே.

13. ஆப்கானியர் வீட்ல ஹஃப்த்-சீன் இல்லையே?

அவர்கள் மரபு ஹஃப்த் மேவா, ஏழு உலர்பழங்களை ஊறவைத்த குளிர் பானம். வெளிர் திராட்சை, கருந்திராட்சை, செஞ்செத், பாதாமி, பாதாம், வால்நட், பிஸ்தா என்பது பொதுவான கூட்டு. பழவகை ஒவ்வொன்றும் ஒரு கப், பருப்பு ஒவ்வொன்றும் அரை கப் எடுத்தால் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர். பருப்புகளை வெந்நீரில் போட்டுத் தோலை முழுக்க உரிக்க வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் நீர் கறுத்துத் துவர்க்கும். இரண்டு நாள் ஊறட்டும், நம் வெயிலில் குளிர்பெட்டியில் மட்டும், வெளியே வைத்தால் புளித்து நுரைக்கும். சர்க்கரை சேர்ப்பதில்லை.

காபூலில் நவ்ரூஸுக்குப் பொரித்த மீனும் ஜிலேபியும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள்.

14. நெருப்பைத் தாண்டுறாங்களே, அது நம்ம போகி மாதிரியா?

போகியின் இரண்டு பாதிகள் அங்கே இரண்டு வழக்கங்களாக இருக்கின்றன. வீட்டைத் தலைகீழாக்கிச் சுத்தம் செய்வது 'ஹானே-தெகானி', வீட்டை உதறுதல். அதில் எரிப்பது கிடையாது. ஆண்டின் கடைசிப் புதன்கிழமைக்கு முந்தைய செவ்வாய் மாலையில் முட்செடிகளைச் சிறு சிறு குவியலாக எரித்துத் தாண்டுவது 'சஹார்ஷன்பே சூரி'. என் மஞ்சள் உனக்கு, உன் சிவப்பு எனக்கு என்று நெருப்பிடம் சொல்லித் தாண்டுவார்கள். மஞ்சள் என்பது நோயின் வெளிறல், சிவப்பு உடல்நலம்.

15. 13ஆம் நாள் வீட்ல இருக்கக்கூடாதாமே?

13 ஃபர்வர்தீன் அன்று பதின்மூன்றின் கெடுதலை வெளியே போக்க எல்லோரும் பூங்காவுக்கோ ஆற்றங்கரைக்கோ கிளம்புவார்கள். வாடத் தொடங்கிய சப்ஸேயை ஓடும் நீரில் விடுவார்கள். ஈரானில் இது அரசு விடுமுறை, இயற்கை நாள் என்று பெயர். அதுவரை பள்ளிகளும் மூடியிருக்கும். ஈரானிய நிறுவனத்திடமிருந்து பதில் எதிர்பார்ப்பவர்கள் ஏப்ரல் 3 வரை பொறுத்திருங்கள்.

16. பார்சிக்காரங்க ஆகஸ்ட்லயில்ல நவ்ரோஸ் கொண்டாடுறாங்க?

அவர்களுடைய ஷாஹென்ஷாஹி நாட்காட்டியில் ஆண்டுக்கு 365 நாள் மட்டும், லீப் நாள் கிடையாது. நான்காண்டுக்கு ஒரு நாள் நழுவி நழுவிப் புத்தாண்டு ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. கத்மி என்ற பிரிவினருக்கு அதற்கும் ஒரு மாதம் முன்பே. மார்ச் 21ஐயும் ஜம்ஷேதி நவ்ரோஸ் என்ற பெயரில் பார்சிகள் கொண்டாடுகிறார்கள். சென்னை இராயபுரத்தில் 1910இல் எழுந்த பார்சி அக்கினிக் கோயில் இருக்கிறது, ஆனால் மற்ற சமயத்தவருக்கு உள்ளே அனுமதி இல்லை.

17. பெர்செபோலிஸ் நகரத்தையே நவ்ரூஸுக்காகக் கட்டினாங்களாமே?

சுற்றுலா வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்வார்கள். முதலாம் தாரியஸ் கி.மு. 518 வாக்கில் கட்டத் தொடங்கிய அந்த நகரின் அபதானா மண்டபப் படிக்கட்டில் 23 நாட்டுத் தூதுக்குழுக்கள் காணிக்கையோடு வரும் சிற்பங்கள் இருக்கின்றன. அவை நவ்ரூஸ் ஊர்வலம் என்பது அறிஞர்களின் ஊகம். அந்தக் காலக் கல்வெட்டு எதிலும் நவ்ரூஸ் என்ற சொல் இல்லை. இஸ்லாத்துக்கு முந்தைய கடைசிப் பாரசீகப் பேரரசான சாசானியர் காலத்துக்கு வந்தால் சான்றுகள் திடமாகின்றன. ஜம்ஷீத் மன்னன் தொடங்கிவைத்தான் என்பது ஃபிர்தௌசியின் ஷாநாமாவில் வரும் புராணக்கதை.

18. நம்ம பட்டா, அடங்கல்ல வர்ற பசலி ஆண்டும் இதுவும் ஒண்ணா?

ஒன்றல்ல, ஆனால் ஒரே வேர். 'ஃபஸ்ல்' என்றால் பருவம், அறுவடை. ஹிஜ்ரி சந்திர ஆண்டு 354 நாள் என்பதால் அறுவடைக்கு முன்பே வரி கேட்கும் நிலை வந்தது. அதனால் முகலாயர் நிலவரிக்கு மட்டும் ஹிஜ்ரி எண்ணை எடுத்து, அதன் பிறகு சூரிய ஆண்டாக ஓட விட்டார்கள். வடக்கே அக்பர் காலத்திலும் தக்காணத்தில் ஷாஜகான் காலத்தில் 1636இலும் இது நடந்தது. தமிழ்நாட்டுப் பசலி தக்காணக் கணக்கைச் சேர்ந்தது.

எண்ணைப் பார்த்தாலே தெரியும். 1636இல் சந்திர ஹிஜ்ரி 1046, ஈரானியச் சூரியக் கணக்கில் 1015. வித்தியாசம் 31. அன்று உறைந்த அந்த 31 இன்றும் அப்படியே நிற்கிறது: 2024 ஜூலையில் பசலி 1434, ஈரானில் 1403. பசலி ஜூலை 1இலும் ஈரானிய ஆண்டு மார்ச்சிலும் மாறுவதால் நவ்ரூஸிலிருந்து ஜூன் 30 வரை மட்டும் வித்தியாசம் 30 ஆகக் குறையும். வட இந்தியப் பசலியோடு ஒப்பிட்டால் எண் பொருந்தாது, அங்கே சந்திரக் கணக்கை 1556ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள்.